சீன ஃபேன்டஸி சீரியல் ‘நம்ம கதை’ மாதிரியே இருக்கே, ஏன்? காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் இருக்கும் பதில்

செங்கல்பட்டில் ரயில் ஏறி சென்னை கடற்கரை வரை போனால், 45 நிமிட எபிசோடு இரண்டைப் பார்த்து முடித்துவிடலாம். அப்படிப் பார்ப்பவர்களில் சீன ஃபேன்டஸி காதல் தொடர்களுக்குப் பழகியவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். “மொழி புரியல, பேரு வாயில நுழையல, ஆனா கதை மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கு.”

சாபம், மறுபிறவி, வானுலகம், அசுரர் கூட்டம், போன பிறவிக் காதலனை இந்தப் பிறவியில் அடையாளம் தெரியாமல் தவிக்கும் நாயகி என எல்லாமே பழக்கமானவை. இது தற்செயல் அல்ல. அந்தக் கதைகளில் புழங்கும் முக்கியமான சில சொற்களே இந்தியாவில் இருந்து போனவைதான்.

சியான்சியா என்றால் என்ன?

இந்த வகைத் தொடர்களுக்கு சீனாவில் ‘சியான்சியா’ என்று பெயர். ‘சியான்’ என்றால் சாகாவரம் பெற்றவர், கிட்டத்தட்ட நம்ம சித்தர். ‘சியா’ என்றால் வீரர். தவத்தாலும் பயிற்சியாலும் படிப்படியாக சக்தி பெற்று வானுலக நிலைக்கு உயர்பவர்களின் கதை இது. 1995இல் தைவானில் வந்த ஒரு கம்ப்யூட்டர் கேமை வைத்து எடுத்து 2005இல் வந்த சீரியல் இந்த வகைக்குப் பெரிய கதவைத் திறந்தது. 2017இல் வந்த ‘எட்டர்னல் லவ்’ வெளிநாட்டு ரசிகர்களையும் இழுத்தது.

‘எட்டர்னல் லவ்’ கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாயகி ஒன்பது வால் நரிக் குலத்து தேவதை. சண்டை ஒன்றில் சக்தியும் நினைவும் முடக்கப்பட்டு, சாதாரண மனுஷியாக பூமியில் கிடக்கிறாள். அங்கே வானுலக இளவரசனைக் காதலிக்கிறாள். கண்ணையே இழக்கும் அளவுக்கு அநியாயம் நடக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் மறக்க மருந்து குடிக்கிறாள். பிறகு அதே ஆள் எதிரே வந்து நிற்கிறான். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அவளுக்கு எதுவுமே நினைவில்லை.

சப்டைட்டிலில் காணாமல் போகும் சொற்கள்

இந்தத் தொடர்களில் தேவர்கள் அடிக்கடி ‘டிரிபுலேஷன்’ அனுபவிக்கப் போவதாக ஆங்கில சப்டைட்டிலில் வரும். அதாவது, பூமியில் மனிதராகப் பிறந்து துன்பப்பட்டுத் தேற வேண்டிய சோதனை. சீன மொழியில் அதற்கு ‘ஜியே’ என்ற எழுத்து. இது ‘கல்ப’ என்ற சமஸ்கிருதச் சொல்லை பௌத்த நூல்களுக்காக சீன ஒலியில் எழுதியபோது பிறந்த சுருக்கம். தமிழில் ‘கற்ப காலம்’ என்கிறோமே, அதே கற்பம்தான். ஒரு கற்பம் முடியும்போது உலகம் அழியும் என்ற நம்பிக்கையில் இருந்து, அந்தச் சொல்லுக்கு சீனாவில் ‘பேராபத்து’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று இதைவிட சுவாரசியம். அசுரத் தலைவனாக வரும் ஹீரோவை ‘டெமன் லார்டு’ என்கிறது சப்டைட்டில். சீனத்தில் பல தொடர்களில் அது ‘மோ’. இந்த எழுத்தே மாரன் என்ற பெயரை எழுதுவதற்காக உருவாக்கப்பட்டது. தவத்தில் இருந்த புத்தரைக் கலைக்க வந்தவன் மாரன். தமிழில் மாரன் என்றால் மன்மதனும்தான். காதல் தொடரில் வரும் அசுரனுக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் கிடைக்காது.

‘ஒரு க்ஷணத்தில்’ என்பதற்கு சீனத்தில் ‘ச்சானா’. பாதாள நீதிபதியாக வரும் ‘யன்லுவோ’ நம்ம யமராஜா. டிரிபுலேஷன், டெமன் லார்டு, ஹெல் கிங் என்று ஆங்கிலத்தில் படிக்கும்போது இந்த உறவு மொத்தமும் மறைந்துவிடுகிறது. தமிழில் டப் செய்பவர்களும் ஆங்கிலத்தைப் பார்த்தே மொழிபெயர்த்தால், வீட்டுக்குத் திரும்பி வந்த சொல்லை வாசலிலேயே அடையாளம் தெரியாமல் அனுப்பிவிடுவோம்.

மணிமேகலையை சியான்சியா ஆக்கினால்?

அதிகம் மாற்ற வேண்டியதே இல்லை. சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விரட்டி விரட்டி வருகிறான். அவளுக்கும் அவன் மேல் மனம் போகிறது, காரணம் தெரியவில்லை. மணிமேகலா தெய்வம் தூங்கும் அவளைத் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே புத்த பீடிகையைப் பார்த்ததும் முற்பிறவி தெரிகிறது. அந்தப் பிறவியில் அவன்தான் இராகுலன், அவள் கணவன். வானில் பறக்க, வேறு உருவம் எடுக்க, பசி தாங்க என மூன்று மந்திரங்களும் கிடைக்கின்றன. பிறகு சாபம் பெற்ற காயசண்டிகையின் உருவத்தை அவள் எடுக்க, அந்தப் பெண்ணின் கணவனான விஞ்சையன் தப்பாகப் புரிந்துகொண்டு உதயகுமரனை வெட்டிவிடுகிறான். 40 எபிசோடு தாங்கும்.

அந்தக் காப்பியம் முடியும் இடம் காஞ்சி. செங்கல்பட்டில் இருந்து சுமார் ஒரு மணி நேரத் தூரம்.

சீனாவில் இருந்து காஞ்சிக்கு வந்தவர்

7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், 10,000 துறவிகள் இங்கே இருந்ததாக எழுதி வைத்தார். இலங்கைக்குக் கப்பல் ஏறுவது அவர் திட்டம். ஆனால் அங்கே அரசர் இறந்துவிட்டார், பஞ்சம் என்று அங்கிருந்து வந்த துறவிகள் சொன்னதால் திரும்பிவிட்டார். அப்போது பல்லவ மன்னர் முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன்.

645இல் சீனா திரும்பிய யுவான் சுவாங்கின் பயணம், காலப்போக்கில் குரங்கு வீரனும் பூதங்களும் சேர்ந்த மாயக் கதையாக வளர்ந்தது. அதுதான் 16ஆம் நூற்றாண்டில் வந்த ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவல். 1986இல் தொடங்கிய அதன் டிவி தொடர் சீனாவில் இன்றும் மறுஒளிபரப்பு ஆகிறது. இன்றைய ஃபேன்டஸி தொடர்களின் தாத்தா என்று அந்த நாவலைச் சொல்லலாம்.

கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராஜசிம்மப் பல்லவன் காலத்தில், 720இல், காஞ்சித் தூதர்கள் தாங் அரசவைக்கே போயிருக்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையின் நடுப் பிளவில் நாகராஜனும் நாகினியும் இருக்கிறார்கள், மேலே பறக்கும் வானவர்களும் கின்னரர்களும் இருக்கிறார்கள். பௌத்த நூல்களை மொழிபெயர்த்த சீனர்கள் ‘நாகம்’ என்ற இடத்தில் தங்கள் டிராகனைப் போட்டார்கள். சீரியலில் கடலை ஆளும் டிராகன் ராஜா இப்படி இரண்டும் கலந்து வந்தவர்.

எல்லாமே இங்கிருந்து போனதா?

இல்லை. ‘எல்லாம் நாங்கள் கொடுத்தது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஒன்பது வால் நரி சீனாவின் சொந்தச் சரக்கு. சாகாவரம் தேடும் பயிற்சி தாவோ மரபு. குரங்கு வீரனுக்கு மூலம் அனுமன்தான் என்றார் சீன அறிஞர் ஹூ ஷி. இல்லை, உள்ளூர் நீர்ப்பூதம் என்றார் எழுத்தாளர் லூ சுன். ‘7ஆம் அறிவு’ படத்தால் பிரபலமான போதிதர்மர் விஷயத்திலும், மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்த குறிப்புதான் தென்னிந்திய அரசரின் மகன் என்கிறது.

சந்திப்பும் தடையும்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். வேட்டி கட்டிய மோடி, ஷியை அர்ச்சுனன் தபசு முன் அழைத்துப் போய்க் காட்டினார். மாமல்லபுரத்துக்கும் ஃபூஜியன் மாகாணத்துக்குமான பழைய உறவை ஆராய ஒரு கல்வி அமைப்பு தொடங்குவது பற்றியும் பேசப்பட்டது. ஃபூஜியனின் ச்சுவான்சோ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

எட்டே மாதத்தில் நிலைமை தலைகீழானது. 2020 ஜூன் 15 கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ஜூன் 29இல் 59 சீன செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. நவம்பர் 24இல் தடையான 43 செயலிகளில் சீன சீரியல்களுக்கான ‘வீடிவி’யும் ‘மேங்கோ டிவி’யும் இருந்தன.

இப்போது எப்படிப் பார்ப்பது?

தடை அந்தச் செயலிகளுக்குத்தான், சீரியல்களுக்கு அல்ல. தயாரிப்பு நிறுவனங்களின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களில் ஆங்கில சப்டைட்டிலோடு பல தொடர்கள் இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ், விக்கி தளங்களிலும் சில உண்டு. எம்எக்ஸ் பிளேயர் சில வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் டப் செய்து தருகிறது. டெலிகிராமில் வரும் ‘ஏபிகே’ லிங்கை மட்டும் தொட வேண்டாம். போனில் வங்கி செயலியும் இருக்கும்தானே.

முதல் முறை பார்ப்பவர்கள் 58 எபிசோடு ‘எட்டர்னல் லவ்’வில் இறங்குவதைவிட, 2022இல் வந்த ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’ தொடரில் தொடங்கலாம். 36 எபிசோடுதான். ஒரு தொடரை 40 எபிசோடுக்குள் முடிக்கும்படி 2020இல் சீன அரசு சொன்ன பிறகு வந்தது. முதல் மூன்று எபிசோடுக்குப் பெயர்கள் குழப்பும், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்கூட வரும். நான்காவதில் பழகிவிடும்.