தஸ்தாவேஜுகளும் தேதிகளும்

போபர்ஸ் பீரங்கி பேரத்தின் தொடக்கத்தைச் சென்ற இதழில் படித்த ஐரோலி வாசகர் ஒருவர், இரகசியக் காகிதங்கள் கைக்கு வந்த அன்றே பத்திரிகையாளர்கள் அனைத்தையும் பிரசுரித்திருக்கலாகாதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, இந்த விவகாரத்தின் உயிர்நிலையே அதில்தான் இருக்கிறது.

155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்குவதற்காக 1,437 கோடி ரூபாய்க்கு 1986 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியது என்று, 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் நாட்டு வானொலி அறிவித்தது. எனினும் வானொலிச் செய்தி வேறு, தஸ்தாவேஜு வேறு. ஸ்வீடன் போலீஸ் விசாரணைக்குத் தலைமை வகித்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், ஜெனீவாவிலிருந்து 'தி ஹிந்து'வுக்கு எழுதிவந்த சித்ரா சுப்ரமணியத்திடம் ஒப்படைத்த 350-க்கும் மேற்பட்ட ஆவணங்களே, வங்கிக் கணக்குகளையும் நிறுவனப் பெயர்களையும் பிரத்தியட்சமாகக் காட்டின. சித்ராவும் என். ராமும் 1988 ஜூன் தொடங்கி அவற்றைத் தவணை தவணையாக வெளியிட்டனர்.

அந்தத் தவணை முறையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்நிய மொழியில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்தறிந்து, சங்கேதப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று ஆராய்ந்து, ஒரு காகிதம் பொய்யானாலும் மற்றவை அனைத்தும் மதிப்பிழந்துவிடும் என்ற அச்சத்தோடு ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதற்குக் காலம் வேண்டும். அமெரிக்காவின் வியட்நாம் யுத்த இரகசியங்களை 1971 மார்ச்சில் பெற்ற 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, ஜூன் 13 வரை காத்திருந்துதான் அச்சேற்றியது. அங்கே பிரசுரத்தைத் தடுக்க வந்தது அரசாங்கம். ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிற்று.

சென்னையில் நடந்ததோ வேறு. ஸ்வீடன் தணிக்கை அலுவலக அறிக்கையின் அந்தரங்கப் பகுதியைப் பற்றிய கட்டுரையின் முதற்பாகம் 1989 அக்டோபரில் வெளிவந்தபின், அடுத்த பாகத்தை 'தி ஹிந்து' ஆசிரியர் ஜி. கஸ்தூரி நிறுத்திவிட்டார். பொதுத் தேர்தல் நெருங்கியிருந்த வேளை அது. அதே நிறுவனத்தில் இணை ஆசிரியராகவும் கஸ்தூரியின் குடும்பத்தவராகவும் இருந்த ராம், நிருபர்களைக் கூட்டி அந்த முடிவைப் பகிரங்கமாகக் கண்டித்தார். சித்ரா அப்பத்திரிகையை விட்டு விலகி, எஞ்சிய ஆவணங்களை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்', 'ஸ்டேட்ஸ்மன்' ஆகிய ஏடுகளுக்குக் கொண்டு சென்றார். நவம்பரில் நடந்த தேர்தலில், முந்தைய முறை 400-க்கும் மேற்பட்ட இடங்களை வென்றிருந்த காங்கிரஸ் 197 இடங்களோடு ஆட்சியை இழந்தது.

எதை வெளியிடுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சரிபார்த்து முடித்த செய்தியை, மக்கள் தம் தீர்ப்பை எழுதப்போகும் தறுவாயில் தடுத்து வைப்பது, அரசாங்கம் பூட்டிய இரகசியத்தின்மேல் பத்திரிகையே இரண்டாவது பூட்டைப் போடுவதாகும். தேர்தல் சமயமாயிற்றே என்று சொல்வோர் உண்டு. அறிந்து வாக்களிக்க வேண்டியவனுக்கு அந்தச் சமயத்தைவிட அவசியமான சமயம் எது? 2019-இல் ரஃபேல் விமான ஆவணங்களை இதே ராம் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை என்று அரசு முறையிட்டது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை நிராகரித்து, அவற்றைப் பரிசீலிக்கலாம் என்று கூறியது.

இத்தனை பேச்சிலும் நாம் எளிதில் மறந்துவிடுகிற ஒருவர் லிண்ட்ஸ்ட்ரோம். தம் உத்தியோகத்தையும் பெயரையும் பணயம் வைத்து அவர் கொடுத்த காகிதங்கள் என்றைக்கு அச்சாகும் என்பதில் அவருக்கு எவ்விதச் சுதந்திரமும் இருக்கவில்லை. சித்ரா அவர் பெயரை இறுதிவரை காத்தார். 2012 ஏப்ரலில் அவரே தம்மை வெளிப்படுத்திக்கொண்டபோது, பிறர் ஏற்ற அபாயத்தைப் பொருட்படுத்தாமல் 'தி ஹிந்து' தனக்குத் தோன்றியபோது தோன்றியவற்றை வெளியிட்டது என்று மனவருத்தத்தோடு சொன்னார். சரிபார்ப்பதற்காக ஆன தாமதத்தைக் கழித்துப் பார்த்தாலும், 1989 அக்டோபரைப் பொறுத்தவரை அவர் குறை முற்றிலும் நியாயமானது.