பாரில் குழந்தை, கேரியரில் குடம்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் ஒரு பாடமாயிற்று. நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த பாடம் அது. கிராமத்துக்குக் கிராமம் போய்க் கற்பிக்க வேண்டிய தொண்டர்களில் பெண்கள் பலர். பேருந்தோ எப்போதாவது வரும். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண் தன் விருப்பப்படி போய்வருவதையும் எழுத்தறிவின் பகுதியாகவே கண்டார். ‘அ’ எழுதப் பழகிய கை ஹேண்டில்பாரையும் பிடித்தது.

நம் ஊர்ப் பையன்கள் ஏழெட்டு வயதில், வாடகை சைக்கிளில், குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். விழுந்தால் அது விளையாட்டு. முப்பது வயதுப் பெண் விழுந்தால் புடவை விலகும், பார்த்தவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். முழங்கால் காயத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்கியிருக்கவில்லை. புதுக்கோட்டையில் இந்தக் கூச்சத்தை உடைத்தது எண்ணிக்கைதான். பெண்கள் கூட்டமாகக் கற்க வந்தார்கள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். முத்து பாஸ்கரன் இதற்கென்றே ஒரு பாட்டு எழுதினார். ஆபாசக் கேலிகள் வராமலில்லை. ஓட்டுகிறவளின் நடத்தை பேசப்பட்டது. பத்துப் பேர் போனால் பேசுகிற வாய் ஆயிரம் பேர் போனால் அலுத்துப்போகும். 1992 மகளிர் நாளையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள்.

நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல். விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள், கல்குவாரித் தொழிலாளிகள் எனப் பலரும் இருந்தார்கள். குடுமியான்மலை என்றதும் தமிழ் படித்த நமக்கு இசைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே கல்லுடைத்த பெண்கள் சைக்கிள் ஓட்டிய செய்தியும் அதே ஊரின் வரலாறுதான். பாடநூலில் அதற்கு இடமில்லை.

லேடீஸ் சைக்கிள்கள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. ஆணுடலை மனத்தில் வைத்து வளைத்த இரும்பைத் தாய்மார்கள் தம் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்கள். கேரியரில் குடமும் விளைபொருளும் ஏறின. பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. ஆனால் அந்த நேரம் யாருக்குப் போனது? தண்ணீர் எடுப்பது சுலபமானதே தவிர, தண்ணீர் எடுக்கும் பொறுப்பு கைமாறவில்லை. விடுதலையின் சின்னமாக மட்டுமே அந்தச் சைக்கிளைக் கொண்டாடுகிறவர்கள் கேரியரில் இருக்கும் குடத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஓட்டத் தெரிந்தவள் சைக்கிளுக்குப் பாதி உரிமைக்காரிதான். பொழுது சாயும் நேரத்தில் வழியில் பஞ்சரானால் அவள் மறுபடி யாரையோ எதிர்பார்த்து நிற்க வேண்டும். இந்தக் கவலை நூறாண்டு பழையது. 1896இல் மரியா வார்ட் என்ற அமெரிக்கப் பெண் ‘பைசைக்ளிங் ஃபார் லேடீஸ்’ என்ற நூலை வெளியிட்டபோது, ஓட்டும் முறையோடு நிறுத்திக்கொள்ளாமல், பெண்களும் கருவிகளும் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். ஸ்பேனரைப் பிடிக்கப் பெண்ணுக்குத் தகுதியில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் மோதினார்.

நம்மிடம் சைக்கிளுக்குக் குறைவில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளி விடும் நேரத்தில் சாலையை நிறைத்துப் போகும் பெண்களைப் பார்க்கையில் புதுக்கோட்டையின் கூட்டம் நினைவுக்கு வரும். ஆனால் வழியிலுள்ள பஞ்சர் கடை இன்னும் ஆண்கள் கூடும் இடம்தான். செயின் கழன்ற மாணவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போய், ஓரமாக நிற்கிறாள்.

டயரை நெம்பி, ட்யூபை உருவி, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உரசி, சொல்யூஷன் தடவி ஒட்டுவதை ஒரே மாலையில் கற்றுவிடலாம். பள்ளி மைதானமும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது.