எழுதிய பாறையும் அழித்த சுவரும்

கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக நிற்கும் அந்த வீடுகள் அழகானவைதான். ஆனால் வயதில் இளையவை. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கல்லைப் பார்க்கப் புதுக்கோட்டைச் சாலையில் வடக்கே போக வேண்டும். முதலில் வருவது திருமயம். புதுக்கோட்டையையும் தாண்டிப் போனால் குடுமியான்மலை. இரண்டும் கருங்கல் குன்றுகள், இரண்டிலும் குடைவரைக் கோயில்கள். இரண்டிலும் ஒரு காலத்தில் இசையைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள்.

குடுமியான்மலையில் அந்த எழுத்து இன்றும் முழுசாக இருக்கிறது. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில், கிரந்த எழுத்தில் 38 வரிகள். ஏழு கிராம ராகங்களுக்கு ஏழு பகுதிகள். சுரங்கள் நான்கு நான்காகக் கோத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரே என்று உயிர் மாறி மாறி வருகிறது. ருத்ராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களுக்காக இதைச் செய்தான் என்று சமஸ்கிருதத்தில் சொல்லி, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை எனத் தமிழில் முடிகிறது. மகேந்திரவர்ம பல்லவனே அவன் என்று நெடுநாள் நம்பினார்கள். அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. எனக்கு அரசன் பெயரைவிட அந்த 'மாணவர்களுக்காக' என்பதுதான் பெரிது. வெற்றியையோ தானத்தையோ சொல்லாமல், ஒரு பாடத்தைச் சொல்ல ஒரு பாறையையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

திருமயத்தின் சிவன் குடைவரையிலும் இதே வகைக் கல்வெட்டு இருந்தது. இன்று துண்டுகள்தான் மிச்சம். 'பரிவாதினி' என்ற வீணையின் பெயர் அவற்றில் தெரிகிறது. பிற்காலத்தார் அந்தச் சுவரைச் செதுக்கித் தங்கள் சாசனத்தை வெட்டிக்கொண்டார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே குன்றில் அடுத்தடுத்துச் சிவனும், பள்ளிகொண்ட பெருமாளும். வருமானத்துக்கும் நிலத்துக்கும் இரு கோயிலாரும் வழக்காடி, 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில்தான் தீர்வு கண்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கல்லில் வேண்டியிருந்தது பங்கும் எல்லையும். 1687இல் கிழவன் சேதுபதி வந்து அதே குன்றைக் கோட்டையாக்கினார். அடுத்தடுத்த தலைமுறைகளுக்குப் பயன்பட்டுக்கொண்டே இருந்த குன்று அது. அந்தப் பயனுக்குக் கொடுத்த விலைதான் இசை.

குடுமியான்மலையிலும் எழுதாமல் விடவில்லை. அந்தக் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. ஆனால் பின்னால் வந்தவர்கள் புது மண்டபங்களும் சுவர்களும் எழுப்பி, அவற்றில் எழுதிக்கொண்டார்கள். பழைய பாறையை விட்டுவைத்தார்கள். பொருள் புரிந்து காத்தார்களா, இடம் இருந்ததால் தப்பியதா என்று கேட்டால், இரண்டாவது போதும் என்பேன். நம் ஊர்களில் பழையது தப்பியதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

கானாடுகாத்தானிலிருந்து கிளம்புகிறவர்கள் வழியில் இருக்கிறதே என்று முதலில் திருமயத்தில் இறங்குவார்கள். மேலே ஏறி, பீரங்கியைப் பார்த்து, காற்று வாங்கி, படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் குடுமியான்மலைக்குப் போய் அந்த 38 வரிகளுக்கு முன் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். திரும்பும் வழியில் திருமயத்துச் சிவன் குடைவரைக்குள் போனால், செதுக்கிய சுவரில் எது இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.