தொலைவிலிருந்து படிக்க ஓர் எழுத்து

ஓடும் ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தின் பெயரைச் சில விநாடிகளில் படித்தாக வேண்டும். பெயர்ப் பலகையைச் சுற்றிலும் விளம்பரங்கள் நெருங்கியிருந்தால் என்ன ஆகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க ரயில் பயணிகளுக்கு ஏற்பட்ட இடர்ப்பாடு இதுதான்.

ரயில் நிறுவன அதிகாரியான பிராங்க் பிக், நிலையப் பெயர்களுக்கும் அறிவிப்புகளுக்கும் தனி எழுத்து தேவை என்று கருதினார். 1913-இல் அவர் நாடியது ஒரு பொறியியலாரை அன்று. எட்வர்டு ஜான்ஸ்டன் என்னும் எழுத்துக்கலைஞரை. மருத்துவப் படிப்பை இடையில் விட்டு, பட்டைமுனைப் பேனாவால் எழுதும் பழங்கலைக்குப் புத்துயிர் அளித்தவர் அவர்.

ஜான்ஸ்டன் கையால் வரைந்த எழுத்துகள் 1916-இல் வழக்கிற்கு வந்தன. எழுத்து முனைகளில் இருக்கும் சிறு குறுக்குக் கோடுகளை அவர் நீக்கினார். கோட்டின் தடிமனை ஏறத்தாழ ஒரே சீராக வைத்தார். பெரிய எழுத்தின் உயரம் அத்தடிமனைப்போல் 7 மடங்கு. ஆங்கில ‘ஓ’ முழு வட்டமாயிற்று. சிறிய ‘எல்’ எழுத்து எண் 1-உடன் மயங்காதிருக்க, அதன் அடி வளைக்கப்பட்டது. சிறிய ‘ஐ’யின் புள்ளி மட்டும் சாய்சதுரம்; அது பேனாமுனை விட்டுச்சென்ற அடையாளம்.

இதில் இயற்பியலும் உண்டு. இயல்பான கண், ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணமுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். 10 மீட்டர் தொலைவில் இது சுமார் 3 மி.மீ. எனவே கோட்டின் தடிமன் 3 மி.மீ., எழுத்தின் உயரம் 21 மி.மீ. இருத்தல் வேண்டும். இது கீழ் எல்லையே; மங்கிய ஒளியும் ரயிலின் அசைவும் இன்னும் பெரிய எழுத்தைக் கோரும். ஆனால் பெரிதாக்கினால் மட்டும் போதாது. ‘சி’யை ‘ஓ’விலிருந்து பிரிப்பது ஒரு சிறு இடைவெளி. அது குறுகினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சுவரொட்டிகளுக்கென மரக்கட்டையில் வெட்டப்பட்ட இவ்வெழுத்து, சிறிய அச்சுக்கு ஏற்றதாக இல்லை. இக்குறையைப் போக்க, 1979-இல் ஜப்பானியரான எயிச்சி கோனோ இதனைப் பல தடிமன்களில் திருத்தி அமைத்தார். 2016-இல், நூறாம் ஆண்டில், கணினித் திரைகளுக்கு ஏற்ற மெல்லிய வடிவங்களும் சேர்ந்தன. பிக் வேண்டிய தெளிவு மட்டும் மாறவில்லை. ஊருக்குப் புதியவரும் யாரையும் கேளாமல் இறங்குமிடம் அறிகிறார்.

வாசகர்கள் ஏதேனும் ஒரு பெயர்ப் பலகையில் எழுத்துக் கோட்டின் தடிமனை அளந்து பார்க்கலாம். 15 மி.மீ. இருந்தால் 50 மீட்டர் வரை படிக்க இயல வேண்டும். இயலவில்லையெனில், குறை உங்கள் கண்ணில் இருக்கலாம். எழுத்தை வரைந்த கையிலும் இருக்கலாம்.