சனாதன தர்மம் வாசகசாலை, நீலம்பேரூர்

சனாதன தர்மம் வாசகசாலை, கேரள மாநிலம் ஆலப்புழை மாவட்டத்தில் உள்ள நீலம்பேரூரில் 1926-இல் தொடங்கிய ஊர் நூலகம். கேரளத்து நூலக இயக்கத்தின் வரலாற்றை இங்கிருந்து எழுதத் தொடங்குவது வழக்கம்.

நீலம்பேரூர் குட்டநாட்டு ஊர். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் நெல் விளையும் பகுதி அது. ஓணத்துக்குப் பின் பகவதி கோயிலில் நடக்கும் படையணி விழாவும், அதில் தூக்கிவரும் பெரிய அன்ன உருவங்களும் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. நூலகத்தைத் தொடங்கியவர் இவ்வூரில் 1909 மார்ச் 1 அன்று பிறந்த பி. என். பணிக்கர். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், நண்பர்களோடு வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு வாங்கி வாசகசாலைக்குச் சேர்த்தார். அரசாணையோ மானியமோ அப்போது கிடையாது. பெயரைப் பார்த்துச் சமய அமைப்பு என்று எண்ணிவிடக்கூடாது. அந்தக் காலத்து ஊர்ச் சங்கங்களுக்கு இப்படிப் பெயர் வைப்பது சாதாரணம்.

பின்னர் அம்பலப்புழையில் வேலைபார்த்த பணிக்கர், அங்கே இலக்கிய விமர்சகர் பி. கே. நாராயண பிள்ளையின் நினைவாக அமைந்த நூலகத்தின் பணிகளில் ஈடுபட்டார். 1945 செப்டம்பர் 14 அன்று, திருவிதாங்கூரின் 47 நூலகங்கள் அங்கே ஒன்றுகூடின. அந்தந்த ஊர்க்காரர்கள் தனித்தனியே நடத்திவந்த வாசகசாலைகள் ஒரே சங்கமாக இணைந்தது அப்போதுதான். செப்டம்பர் 14 இன்றும் கேரளத்தில் கிரந்தசாலை (நூலக) தினம். மாநிலம் உருவான பிறகு அந்த அமைப்பு கேரள கிரந்தசாலை சங்கம் ஆயிற்று. 32 ஆண்டுகள் அதன் செயலாளராக இருந்த பணிக்கர், புதிய ஊர்களில் நூலகம் தொடங்கச் சொல்லி நடந்தே திரிந்தார். ‘வாசித்து வளருங்கள்’ என்பது இயக்கத்தின் முழக்கம். எழுத்தறிவுப் பணிக்காக 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்துக்குக் கிடைத்தது.

1977-இல் சங்கத்தின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. பணிக்கர் விலகி, முறைசாராக் கல்விக்காகக் ‘கான்ஃபெட்’ அமைப்பைத் தொடங்கினார். கேரளத்தில் நூலகச் சட்டம் வந்தது 1989-இல்தான். அதன் பேரில் மாநில நூலகக் கவுன்சில் ஏற்பட்டது, கட்டட வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. கவுன்சில் நூலகங்களைத் தரம் பிரித்து மானியம் தருகிறது. ஆனால் ஊர் நூலகத்தை நடத்தும் குழுவை அந்த நூலகத்தின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாசகசாலைக்கு வர முடியாத பெண்களுக்காக, புத்தகங்களை வீட்டுக்கே எடுத்துச்செல்லும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டு முதல் அந்நாள் வாசிப்பு தினம்.

தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில், எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியோடு நிறைவேறியது. சட்டமும் வரியும் முதலில் வந்தன. ஊர் நூலகங்கள் அரசுத் துறையின் கிளைகளாகப் பின்னால் வந்தன. அதனால் சம்பளமும் கட்டடமும் ஓரளவு உறுதியாயின. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டப்பட்டது. அவற்றில் பல பின்னாளில் பூட்டியே கிடந்தன. பூட்டைத் திறக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு கொடுக்க வேண்டியிருந்தது. நீலம்பேரூர் வாசகசாலையின் சாவியோ முதல் நாளிலிருந்தே ஊர்க்காரர்கள் கையில் இருந்தது.