ஆறு வற்றிய பின் வந்த நோய்

"அப்பாவுக்கு சுகர் இருக்கா?" முதல்முறை ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். இருக்கு என்றேன். "அப்ப பரம்பரை, உங்களுக்கும் வரும்" என்று முடித்துவிட்டார். அந்தப் 'பரம்பரை'க்கே ஒரு வரலாறு உண்டு என்பது பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது.

1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு கேள்வி கேட்டார். நீரிழிவு இவ்வளவு கெடுதல் என்றால், அதற்குக் காரணமான மரபணுக்கள் ஏன் அழியாமல் இருக்கின்றன? அவரே பதிலும் சொன்னார்: கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமித்து, பஞ்சத்தில் உயிரைக் காப்பாற்றிய மரபணுக்கள் அவை. பஞ்சம் போனபின் அதே சிக்கனம் வினையாகிறது. கேட்டதும் பிடித்துப்போகிற கதை. எனக்கும் பிடித்தது.

இதற்கு உதாரணமாகப் பின்னால் வந்தவர்கள் காட்டியது அரிசோனாவின் பீமா மக்களை. 1965 முதல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அவர்களைப் பரிசோதித்து வந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான நீரிழிவு விகிதங்களில் ஒன்று அங்கே பதிவானது. 'சிக்கன மரபணு' அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள்.

ஆனால் அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்வது 'அகிமெல் ஓ'ஓதாம்' என்று. ஆற்று மக்கள் என்று பொருள். ஹீலா ஆற்றில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி விளைவித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைமடையில் வந்து குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். கடைமடை காய்ந்தது. விளைச்சல் போன இடத்துக்கு அரசாங்கத்தின் மாவும் சர்க்கரையும் பன்றிக்கொழுப்பும் வந்தன.

1940-ல்கூட, அரிசோனாவில் கணக்கெடுத்த எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர், அங்குள்ள பழங்குடிகளிடம் நீரிழிவு மற்றவர்களைவிட அதிகமில்லை என்றே எழுதினார். 25 வருஷத்தில் மரபணு மாறாது, சாப்பாடு மாறும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மலைகளில் இவர்களுடைய உறவினர்கள் உடலுழைப்போடு விவசாயம் செய்து வாழ்கிறார்கள். 2006-ல் வந்த ஒப்பீட்டில் அரிசோனாவில் நீரிழிவு 38 சதவீதம், மெக்சிகோவில் ஏறக்குறைய 7.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2007-ல் எஃப்டிஓ மரபணு பற்றி ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வில், குறிப்பிட்ட மாறுபாட்டின் இரு பிரதிகள் உள்ளவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். ஆனால் கதையை ரத்தத்திலிருந்து தொடங்கினால், தண்ணீரை எடுத்தவர்கள் அதற்குள் வரவே வேண்டியதில்லை.

2004-ல் அந்த மக்களின் தண்ணீர் உரிமையை அமெரிக்கா சட்டமாக ஏற்றது. ஆறு போய் நூறு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது.