குடியுரிமை வரியா? வருமான வரிச் சட்டத்தின் 6(1ஏ) உட்பிரிவு: ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவைப் போல இந்தியாவும் குடியுரிமையை வைத்தே வரி விதிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு, 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 6(1ஏ) உட்பிரிவைச் சான்று காட்டும் ஆய்வுப்போக்கு ஒன்று வேரூன்றியுள்ளது. வெளிநாட்டு மூலங்கள் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள இந்தியக் குடிமகன், வேறெந்த நாட்டிலும் வசிப்பிடம் போன்ற காரணத்தால் வரிக்கு உட்படாதவரானால், இங்கே ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும் குடியிருப்பாளராகக் கருதப்படுவார். இதை மட்டும் தனித்துப் படித்தால் அம்முடிவு இயல்பானதே. ஆயினும் அது, சட்டமாகாத ஒரு வரைவின் மீது கட்டப்பட்ட முடிவு என்றே கருதுகிறேன்.

அவ்வாதத்தின் முதன்மை ஆதாரம், 2020 பிப்ரவரி 1இல் தாக்கலான மசோதாவின் விளக்கக் குறிப்பு. எந்த நாட்டுக்கும் வரி கட்டாதபடி தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் வசதி படைத்தோரை வளைக்க வேண்டும் என்கிறது அது. அந்த மசோதாவில் 15 லட்ச வரம்பு இல்லை. அதைவிட முக்கியமானது 6(6) உட்பிரிவு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் குடியிராதவராக இருந்தவரே ‘வழக்கமாகக் குடியிராதவர்’, அதாவது வெளிநாட்டு வருமானத்தின் பெரும்பகுதிக்கு இங்கே வரி கட்டாத குடியிருப்பாளர், என்றது மசோதா. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்தவரை இதில் பொருத்திப் பார்ப்போம். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து குடியிருப்பாளராகக் கருதப்பட்டால், ஐந்தாம் ஆண்டில் அவருக்கு அத்தகுதி போய்விடும். உலகளாவிய வருமானம் முழுவதும் வரிக்குள் வரும். குடியுரிமை வரி என்ற விவரிப்பு அந்த மசோதாவுக்கு மிகவும் பொருந்தும்.

மார்ச் மாதம் நிறைவேறிய சட்டமோ பழைய அளவுகோல்களையே வைத்துக்கொண்டு, 6(1ஏ) வழியாக வருவோர் அனைவரையும் ‘வழக்கமாகக் குடியிராதவர்’ என்று தனியே வகுத்தது. இதற்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அவர் அதே நிலையில்தான் இருப்பார். அந்நிலையில் உள்ளவரின் வெளிநாட்டு வருமானத்தில், இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் வணிகத்திலோ இந்தியாவில் அமைக்கப்பட்ட தொழிலிலோ கிடைப்பதை மட்டுமே 5(1) பிரிவு தொடுகிறது. ஆகவே எல்லை தாண்டி இழுப்பது கட்டுப்பாட்டின் இடம். குடியுரிமை அதற்கான நுழைவாயில் மட்டுமே. துபாயில் சம்பளம் வாங்கும் பொறியாளரின் சம்பளத்தை இவ்வுட்பிரிவு தீண்டவில்லை.

விளக்கக் குறிப்பைப் பொருள்கோளுக்குப் பயன்படுத்தலாமே என்பர். பயன்படுத்தலாம், அது விளக்கும் வாசகமே சட்டமாகியிருந்தால். நாடாளுமன்றம் நாளையே இந்த விலக்கை நீக்கலாம் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. எந்தப் பிரிவையும் நீக்கலாம்.

இச்சீர்திருத்தம் உண்மையில் சுமை ஏற்றக்கூடிய இடம், அதிகம் பேசப்படாத இந்திய வருமானமே. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. அங்கு ஓர் ஆண்டில் 183 நாட்கள் இருந்த தனிநபரை அந்நாட்டுக் குடியிருப்பாளராக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் ஏற்கிறது. 6(1ஏ) அவரை இங்கும் குடியிருப்பாளராக்கினால், ஒப்பந்தத்தின்படி அவர் எந்த நாட்டின் குடியிருப்பாளர் என்று முடிவுசெய்ய, நிரந்தர வீடு எங்கே, நெருங்கிய குடும்ப, பொருளாதார உறவுகள் எங்கே என்ற கேள்விகள் எழும். வாடகை வீடு ஷார்ஜாவிலும், சொந்த வீடும் மனைவி மக்களும் இராமநாதபுரத்திலும் இருப்பவருக்கு விடை இந்தியாவின் பக்கம் சாயக்கூடும். சாய்ந்தால், இந்திய ஈவுத்தொகைக்கு ஒப்பந்தம் தரும் 10 சதவீத உச்சவரம்பை அவர் இழப்பார். வருமான அடுக்கின்படி 30 சதவீதம் வரை வரி கட்ட நேரிடும்.